விஜிலன்ஸ் சீட்டில் ஒரு பொறாமைக்காரி

ஓர் ஆபீஸில் யாருமே கேட்டு வாங்காத நாற்காலி எது என்று கேட்டால், விஜிலன்ஸ் பிரிவில் குப்பை கொட்டிய நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கை தூக்குவோம்.

மத்திய அரசின் ஒவ்வொரு துறையிலும் லஞ்சப் புகார்களைப் பார்ப்பதற்கென்று இப்படி ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காருகிறவர் வெளியிலிருந்து வருவதில்லை. அதே துறையில் சம்பளம் வாங்கி, அதே அதிகாரியிடம் லீவு கேட்டு, அதே ஆட்களோடு டிபன் டப்பா திறக்கிற ஒருவர்தான். என் துறையின் பெயர் வேண்டாம். மலைத் தோட்டக்காரர்களுக்குப் பம்ப்செட், ஏலக்காய் காய வைக்கும் ட்ரையர் இதற்கெல்லாம் மானியம் கொடுக்கிற ஒரு சின்னத் துறை என்பது போதும். நான் பாலக்காட்டில் கல்பாத்திக்காரி, பெயர் அலமேலு. வேலையின் கடைசி ஏழு வருஷம் கம்பத்துக்கு மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு மலை ஆபீஸில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கெங்கோ இதே நாற்காலியில் முதுகு வலித்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். சிரிக்காவிட்டாலும் உங்களுக்குப் புரியும்.

சாவி யாரிடம்?

முதல் நாள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை ஒரு பதிவேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், கால் ஆடுகிற ஒரு பீரோ. புகார்ப் பெட்டி சுவரில் தொங்கியது, மண்டல அதிகாரியின் அறைக்கு நேர் எதிரே. புகார் போட யார் வருகிறார்கள் என்பதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மூன்று மாதம் பெட்டியில் ஒரு காகிதம் விழவில்லை. அதன் மூடியில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. அதைக் கலைக்க வேண்டிய அவசியம்கூட யாருக்கும் வரவில்லை.

பெட்டியை வெளி வாசலுக்கு மாற்றலாம், சாவியை என்னிடம் கொடுக்கலாம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் மண்டல அதிகாரியேதான் விஜிலன்ஸ் அதிகாரியும். தனியாக ஒருவரைப் போட ஆள் இல்லை என்று அந்தப் பொறுப்பையும் கூடுதலாக அவர் தலையில் கட்டியிருந்தார்கள். சார் கோபப்படவே மாட்டார். நான் எழுதியதை இரண்டு தரம் படித்துவிட்டுப் புன்னகை செய்தார். மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "சாவி என்கிட்டயே இருக்கட்டும், அலமேலு. என்னைப் பத்தியும் யாராவது எழுதிப் போட்டுட்டா, அது கண்ட ஆள் கையில கிடைக்கக் கூடாதில்லையா?"

என் மேசையைச் சுற்றிப் போன ஏலக்காய்

காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற மாதங்களில் எங்கள் ஆபீஸில் ஒரு வாசனை வரும். மானியம் கிடைத்த தோட்டக்காரர்கள் சின்னச் சின்னப் பொட்டலமாக ஏலக்காய் கட்டிக்கொண்டு வந்து மேசை மேசையாக வைப்பார்கள். அது லஞ்சமா, சந்தோஷமா என்று யாரும் ஆராய்வதில்லை. ஒரு நாள் வண்டன்மேட்டிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் அப்படி வந்தார். டைப்பிஸ்ட் மேசை ஆயிற்று. தபால் பிரிவு ஆயிற்று. மானியக் கோப்புகளைப் பார்க்கிற சுகந்தியின் மேசையில் கொஞ்சம் பெரிய பொட்டலமாக வைத்தார். அடுத்தது நான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியிருக்க மாட்டேன். "வேண்டாம், எடுத்துண்டு போங்கோ" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். அவரோ என் மேசைக்கு நாலடி முன்னால் நின்று, மேசை மேலிருந்த பலகையைப் படித்து, சட்டென்று வளைந்து என்னைத் தாண்டி பியூன் குட்டப்பனிடம் போய்விட்டார். மறுக்கிற பெருமைகூட எனக்கு வாய்க்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது சுகந்தியின் மேசையில் அந்தப் பொட்டலம் இல்லை. அதை நான் மனசில் குறித்துக்கொண்டேன். வெளியே போகும்போது பெரியவர் என் பக்கம் திரும்பி, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொன்னார்: "ஒங்களுக்குக் குடுத்தா கேசாயிரும்னு சொன்னாகம்மா. இந்த மேசைக்கு மட்டும் ஒரு கும்புடு போட்டாப் போதும்னாக."

ஒரே நாளில் சேர்ந்தவள்

சுகந்தியும் பாலக்காடு ஜில்லாதான். கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். நாங்கள் இருவரும் ஒரே பரீட்சை எழுதி ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். மலைக்கு மாற்றல் வந்ததும் ஒன்றாகத்தான். ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். ஒரே அடுப்பு, ஒரே குக்கர். அவளுக்கு மானிய சீட், எனக்கு விஜிலன்ஸ் சீட். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது.

அவள் மேசைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். சந்தைக்குப் போனால் தக்காளிக்காரர் முதல் ஜீப்காரர் வரை "சுகந்தி மேடம்" என்று எழுந்து நிற்பார்கள். எனக்கு அங்கே பெயர் கிடையாது, நான் 'கூட வந்தவங்க'. மாதம் இரண்டு தரம் ஊருக்குப் போவோம். கம்பம் இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் பகல் முழுக்கப் பயணம். கொழிஞ்சாம்பாறையில் அவள் இறங்குகிற இடத்தில் ஒரு புதுக் கார் வந்து நிற்க ஆரம்பித்தது. வெள்ளைக் கார். அவள் கணவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அது கண்ணுக்கு மறைகிறவரை பார்ப்பேன். பாலக்காடு ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தது என் ஆத்துக்காரர் போனில் அனுப்பிய ஒரு வரி: 'வரச்சே பாலும் கறிவேப்பிலையும் வாங்கிண்டு வா.'

பெண்ணை மருத்துவக் கல்லூரியில் சேர்த்தாள். வீட்டுக்கு மாடி எடுத்தாள். ஒவ்வொன்றும் எனக்கு நேராக வயிற்றில்தான் இறங்கியது. இத்தனையும் சம்பளத்தில் முடியுமா என்று ஒரு கேள்வி முளைத்தது. வேறு சீட்டில் இருந்திருந்தால் அதைப் பொறாமை என்று ஒப்புக்கொண்டிருப்பேன். விஜிலன்ஸ் சீட்டில் இருந்ததால் கடமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு தரம் பழனி தாண்டிப் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, அரைத் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "எப்பவும் உங்க சீட்டத்தான் நெனச்சுக்கறனுங்க, அலமேலு. முன்னால ஒருத்தரும் வந்து நிக்க மாட்டாங்க, கையெழுத்துக் கேட்டு ஊடு வரைக்கும் வர மாட்டாங்க. குடுத்து வெச்சவங்க நீங்க."

உறுதிமொழியும் வடையும்

வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் எழுந்து நின்று, லஞ்சம் வாங்க மாட்டோம் கொடுக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். ஏற்பாடு செய்வது விஜிலன்ஸ் சீட்டின் வேலை. அந்த ஒரு நாள்தான் நான் கல்யாணப் பெண் மாதிரி. பேனர் எழுதுவது, சாரைக் கூப்பிடுவது, நாற்காலி போடுவது எல்லாம் நான். சார் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படிப்பார். நாங்கள் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வோம். இரண்டாவது வரியிலேயே பின்வரிசையில் கை வலிக்க ஆரம்பித்துவிடும்.

முடிந்ததும் டீயும் பருப்பு வடையும். அந்த வருஷம் வடை சூடாக, நிறைய இருந்தது. இதற்கென்று ஒதுக்கீடு கிடையாதே, யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் குட்டப்பனிடம் விசாரித்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே கண்ணைக் காட்டினார். ட்ரையர் விற்கிற கம்பெனியின் ஏஜெண்ட் தன் ஜீப்பில் சாய்ந்து நின்று சாருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். குட்டப்பன் இங்கேயே இருந்து இருந்து நன்றாகத் தமிழ் பேசுவார். என் தட்டில் இன்னொரு வடையை வைத்தபடி காதோடு சொன்னார்: "கேக்காதே சேச்சி, தின்னு. உறுதிமொழி இப்பத்தான் தொண்டை வழியாப் போயிருக்கு, வடையும் அந்த வழியாத்தான் போகணும்."

பேச்சியம்மாள் கேட்டது

நல்ல மழை நாளில் உடும்பஞ்சோலையிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பெயர் பேச்சியம்மாள். பூர்விகம் போடிப் பக்கம். ஒன்றரை ஏக்கர் ஏலம், அதை அவளும் மருமகளும் பார்த்துக்கொள்கிறார்கள். குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "பராதி எழுதணும் தாயி" என்றாள். புகாருக்கு மலையாளத்துப் பெயர் அது. இந்தப் பக்கம் எல்லோருக்கும் அது தமிழாகிவிட்டது.

பச்சைக் காயை எடுத்த அன்றைக்கே காய வைக்காவிட்டால் நிறம் போய்விடும். அவளுக்குச் சொந்த ட்ரையர் இல்லை. அடுத்த தோட்டத்து ட்ரையருக்குக் கொண்டுபோனால், அவர்கள் காய் முடிந்த பிறகுதான் இவள் காய். அதற்குள் பாதி வெளுத்துவிடும். மானியத்துக்கு மூன்று தரம் எழுதிப் போட்டிருக்கிறாள். மூன்று தரமும் இடம் பார்க்க வந்தார்கள். மூன்று தரமும் 'மறு ஆய்வு' என்று திரும்பிவிட்டது. ஆபீஸில் ஒருவரைக் கவனித்தால் நடக்கும் என்று ஏஜெண்ட் சொன்னாராம். கவனிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

இந்த இடத்தில் நான் அவளுக்காகத் துடித்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. வெள்ளைக் கார் கண் முன்னால் வந்தது. "மானியம் பாக்கற அந்த மேடத்தையா கவனிக்கச் சொன்னா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். யாரென்று தெரியாது என்றாள். "அந்த சீட்லதானே எல்லாக் கோப்பும் இருக்கு?" என்றேன். "இருக்கும்போல" என்றாள். 'மானியப் பிரிவில்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பெட்டியில் போட வேண்டாம், நேராக டெல்லி விஜிலன்ஸ் ஆபீஸுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புங்கோ என்று விலாசமும் எழுதிக் கொடுத்தேன். அவள் அந்த விலாசத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "எங்காளும் இல்லாம, இவுகாளும் இல்லாம, சும்மா ஒரு ஆளு அங்கிட்டு இருப்பாகளா தாயி?"

டெல்லி போய் வந்த கடிதம்

ஊழலைப் பிடிக்க டெல்லியில் பெரிய பெரிய அமைப்புகள் இருப்பதாக நாமும் பேப்பரில் படிக்கிறோம். பெரிய இடத்து விவகாரங்களுக்கு அவை இருக்கலாம். ஒன்றரை ஏக்கர்க்காரியின் கடிதம் அவ்வளவு உயரம் ஏறாது. பேச்சியம்மாளின் கடிதம் டெல்லியில் ஒரு மேசையைத் தொட்டு, எங்கள் அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கு இறங்கி, நாலு மாதம் கழித்து எங்கள் ஆபீஸுக்கே வந்து சேர்ந்தது. முதுகு பூராவும் ரப்பர் ஸ்டாம்ப். மேலே ஒரு வரி: 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது.' எழுதியவளின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் அப்படியே இருந்தன, ஒரு எழுத்துகூட மறைக்கப்படாமல்.

சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதில்லை. திருடு போன வீட்டுக்காரன் கொடுத்த புகாரைத் திருடனிடமே கொடுத்து விசாரிக்கச் சொன்னால் ஊரே சிரிக்கும். நம் ஆபீஸில் அதற்குக் கோப்பு எண் போடுவோம். சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உள்ளூர் ஆபீஸிலேயே பேசித் தீர்த்திருக்கலாமே என்று பேச்சியம்மாளைப் பற்றிக் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு கடிதத்தில் 'மானியப் பிரிவில்' என்று இருந்த இடத்தைச் பச்சை மையால் அடிக்கோடிட்டார். அந்த வார்த்தை என்னுடையது. "விசாரணைக்கு எனக்கு நீங்கதான் உதவி செய்யணும், அலமேலு. நீங்க சுகந்தியோட ஒரே வீட்டில இருக்கறவங்க. அவ அரிசி டப்பா வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

ஒரே அடுப்பில் விசாரணை

விளக்கம் கேட்டு சுகந்திக்கு மெமோ தயாரித்தேன். என் கையால் டைப் அடித்து, என் கையாலேயே கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் தலையசைத்து வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமும் வீட்டில் சமையல் ஒன்றாகத்தான். அவள் பீன்ஸ் நறுக்கினாள். நான் சாதம் வைத்தேன். மறு நாள் அவள் தன் பதிலை ஒரு கோப்போடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

கோப்பில் பேச்சியம்மாளின் மூன்று விண்ணப்பங்களும் இருந்தன. மூன்றிலும் சுகந்தியின் குறிப்பு: 'இடம் பார்க்கப்பட்டது, தகுதி உள்ளது, மானியம் வழங்கலாம்.' மூன்றிலும் அதற்குக் கீழே பச்சை மையில் வேறொரு கையெழுத்து: 'மறு ஆய்வு தேவை.' எங்கள் ஆபீஸில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். நான் கேட்காமலே அவள் மற்றதையும் எழுதியிருந்தாள். கிணற்றில் தண்ணீர் வற்றிப்போய் தென்னந்தோப்பில் பாதியை விற்றார்கள். கார் அதில் வந்தது, மாடியும் அதில் வந்தது. விற்ற பத்திரத்தின் நகல் பின்னால் இருந்தது. பெண்ணின் படிப்புக்குப் பாங்கில் கடன், அதற்கும் நகல். ஏலக்காய்ப் பொட்டலத்தைக்கூட அவள் விடவில்லை. அன்றைக்கே குட்டப்பன் மூலம் திருப்பிக் கொடுத்ததாக எழுதி, குட்டப்பனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கேவலமான ஒன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பொறாமை குறையவில்லை, ஏறியது. காரும் மாடியும் டாக்டர் பெண்ணும் அவளுக்கு இருக்கட்டும், எனக்கென்று நேர்மையாவது மிச்சம் இருக்கிறது என்று இத்தனை நாள் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் அவளிடம் என்னைவிடக் கூடுதலாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "லஞ்சம் வாங்கறவன்னு வேற ஆராச்சும் எழுதியிருந்தாத் தாங்கியிருப்பனுங்க, அலமேலு. டைப் அடிச்சது உங்க கையின்னு தெரிஞ்சதுக்கப்புறந்தான் சோறு எறங்குலீங்க."

இரண்டு பக்கக் குறிப்பு

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குக்கர் இரண்டானது. நான் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினேன். வாழ்க்கையில் அத்தனை கஷ்டப்பட்டு நான் எதையும் எழுதியதில்லை. மூன்று விண்ணப்பத்தையும் நிறுத்தியது சுகந்தி இல்லை, மண்டல அதிகாரியின் உத்தரவுதான் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். ஆகவே இதை அவர் விசாரிக்கக் கூடாது. இரண்டாவது பக்கத்தில் என்னைப் பற்றி எழுதினேன். சுகந்தியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அவள்மேல் எனக்கு வெகு நாளாகப் பொறாமை உண்டு, புகாரில் 'மானியப் பிரிவில்' என்ற வார்த்தையைச் சேர்த்ததே நான்தான். ஆகவே நானும் விசாரிக்கக் கூடாது. இந்தத் துறையில் சம்பளம் வாங்காத, எங்கள் அமைச்சருக்கும் கீழே வராத, எங்கள் யாருடைய வருடாந்திர வேலை மதிப்பீட்டிலும் கையெழுத்துப் போடாத ஒருவரிடம் இதைக் கொடுங்கள் என்று முடித்தேன்.

இந்தக் குறிப்பையும் சார் வழியாகத்தான் மேலே அனுப்ப வேண்டும், அதுதான் விதி. அவர் நிதானமாகப் படித்தார். முதல் பக்கத்தைப் புரட்டியபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது பக்கம் வந்ததும் முகம் மலர்ந்தது. பச்சைப் பேனாவைத் திறந்து கீழே நாலு வரி எழுதினார். விசாரணைக்கு உதவியவரே தன் உள்நோக்கத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் புகார் ஆதாரமற்றது, முடித்து வைக்கலாம் என்று சாரம். மேலே அனுப்பப்பட்டது என் இரண்டாவது பக்கம் மட்டும். முதல் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். உண்மையாகவே இரக்கப்படுகிற குரலில் சொன்னார்: "பொறாமைன்னு நீங்களே கைப்பட எழுதினதுக்கு அப்புறம், மத்த பக்கத்தில உண்மை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அலமேலு?"

சுகந்தியின் மாற்றல்

கோப்பு மூடி ஒரு மாதத்தில் சுகந்தியை மாற்றிவிட்டார்கள். நகல்களைப் பத்திரமாக வைத்திருக்கிற ஆள் மானிய சீட்டில் இருப்பது யாருக்கோ சௌகரியமாக இல்லை. தூரமாகத் தூக்கிப் போடத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த நேரம் காலியாக இருந்த ஒரே இடம் பாலக்காடு. வீட்டுச் சாப்பாடு, கணவர், கார். நானும் எட்டு தரம் மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். தண்டனையில்கூட அவளுக்குத்தான் நல்ல பங்கு வந்தது என்று அன்றைக்கு முழுக்க எனக்குப் புழுங்கியது.

அவள் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிகளைக் கீழே இறக்க நானும் கை கொடுத்தேன். அவள் கணவர் வெள்ளைக் காரையே மலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது, "ரோட்டில வளைவு ஜாஸ்தி, பார்த்துப் போங்கோ" என்பது மட்டுந்தான். அவள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரிப்பும் இருந்தது. "பொறாமைன்னு எழுதுனீங்களாமே, குட்டப்பன் சொன்னாருங்க. இத்தன வருசத்துல அத என்ற மூஞ்சிக்கு நேரா ஒருக்காச் சொல்லியிருந்தீங்கன்னா, இந்தக் கார வாரத்துக்கு ரெண்டு நாளு நீங்களே வெச்சுக்குங்கன்னு குடுத்திருப்பனுங்க."

உடும்பஞ்சோலையில் ஒரு கையெழுத்து

பேச்சியம்மாளுக்கு மானியம் அனுமதி ஆனது. நான்காவது விண்ணப்பம் அவள் போடவே இல்லை. பழைய மூன்றில் ஒன்றையே எடுத்துத் தூசி தட்டி சார் அனுமதித்துவிட்டார். அதோடு என்னிடம் ஒரு காகிதமும் கொடுத்தார்: 'தவறான புரிதலால் புகார் எழுதிவிட்டேன், எனக்கு யார் மேலும் குறை இல்லை.' இதில் கையெழுத்து வாங்கிவர வேண்டிய ஆள் விஜிலன்ஸ் சீட்டுதான். ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், அதன் பிறகு ஏலச் செடிகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி நடந்து அவள் வீட்டுக்குப் போனேன்.

திண்டாட்டம் அவளுக்கு மட்டும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லத்தான் நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் வாசலில் சாக்கு விரித்து, அன்றைக்கு எடுத்த பச்சைக் காயை மருமகள் கிளறிக்கொண்டிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு பருவம் அந்த அம்மாளைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? காகிதத்தைப் படித்துக் காட்டினேன். "போடாட்டி?" என்றாள். போடாவிட்டால் மறு ஆய்வுக்குப் போகும் என்றேன். அவள் காயையும் வானத்தையும் பார்த்தாள். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "எனக்குச் சேர வேண்டியத வாங்குறதுக்கு, நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுக்கேன். இப்ப இது நான் வாங்குற லஞ்சமா தாயி, குடுக்குற லஞ்சமா?"

இப்போது நான் ஓய்வு பெற்றுப் பாலக்காட்டில் சும்மா இருக்கிறேன். எந்த அமைச்சருக்கும் கீழே உட்காராமல், விசாரிக்கப்படுகிறவர்களோடு ஒரே குக்கரில் சமைக்காமல், உடும்பஞ்சோலை வரைக்கும் கை நீளுகிற ஒரு தனி அமைப்பு என்றைக்காவது டெல்லியில் வந்தால், அதில் என் சீட்டில் உட்காரப்போகிற அந்த முகம் தெரியாத குமாஸ்தாவைப் பார்த்து இப்போதே எனக்கு வயிறு எரிகிறது.